வெயிலில் இருந்த குப்பி

டம்ளரின் அடியில் கரையாமல் தங்கிய குளுக்கோஸை ஸ்பூனால் ஒரு சுழற்று சுழற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு கோகிலாமணி கடைசி மடக்கையும் விழுங்கி முடித்தபோது சுகாதார நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதாக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. "வாந்தி எடுத்துராதீங்கக்கா, எடுத்தா மறுக்கா மொதல்ல இருந்து குடிக்கோணும். பதினோரு மணிக்கு ரத்தம் எடுப்போம். அதுவரைக்கும் எதையும் திங்கக் கூடாது, அங்க இங்க நடக்கக் கூடாது, இந்த பெஞ்சுலயே உக்காந்திருக்கோணும்" என்று நர்ஸ் சொன்னதற்கெல்லாம் கோகிலாவை முந்திக்கொண்டு புருஷன் லோகநாதன்தான் தலையாட்டினான். நாலாம் மாசம், கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. முதல் குழந்தைக்கு ஆறு வயதான பிறகு, வேண்டும் வேண்டாம் என்று இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலே வந்து நின்ற இரண்டாவது. காலையில் கொப்பரைக் களத்துக்காரர் போன் பண்ணி நாற்பது மூட்டை தாராபுரம் போகணும் என்றபோது வண்டிக்குப் பிரேக் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அவன் கூடவே வந்திருந்தான். "நீங்க எதுக்குங்க? ஒரு டம்ளர் தண்ணி குடிக்கறதுக்கு ரெண்டு பேரா?" என்று அவள் கேட்டாள். கேட்டாளே ஒழிய முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கத் தலையைக் குனிந்து சேலை மடிப்பை நீவிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் என்பது அவனுக்குத் தாராபுரம் போய்ச் சுமை இறக்கித் திரும்புகிற நேரம். ஸ்டியரிங் கையில் இருந்தால் மனசு ரோட்டில் இருக்கும், குழியைப் பார்க்கும், குறுக்கே வரும் ஆட்டைப் பார்க்கும். சும்மா உட்கார வைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆறு வருஷமாக அவன் சும்மா உட்காராமல் இருந்ததே அதற்காகத்தான்.

வாசற்படியில் மகள் தர்ஷிகா செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வருகிறவர்கள் கழற்றிவிட்டுப் போன செருப்புகள் முப்பது நாற்பது கிடக்கும். பள்ளிக்கூடத்துக்கு இன்றைக்கு லீவு போட்டாயிற்று என்பதில் அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி. பச்சை கவுனை முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டுக் குந்தி உட்கார்ந்து வேலை பார்த்தாள். ஜோடி சேர்க்கிறாள் என்று பார்த்தால் ஜோடி இல்லை. ஒரு பெரிய செருப்பு, பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பு. "அப்பா. பாப்பா." இன்னொரு பெரியது, இன்னொரு சின்னது. "அம்மா. பாப்பா." பெரிசுக்குச் சின்னது கிடைக்காதபோது அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்பவள் மாதிரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒரு பெண், "என்ற இன்னொரு செருப்ப எவ புள்ளையாக்கிட்டுப் போனா?" என்று சிரித்தபடி தேட, தர்ஷிகாவும் என்ன ஏது என்று தெரியாமலே வாய் கொள்ளாமல் சிரித்தாள். ஒன்றாம் வகுப்பு. அ எழுதச் சொன்னால் அழகாக ஒரு சுழி போடுவாள், அதற்குமேல் கை போகாது. ஒன்று, ரெண்டு, மூணு சொல்லி ஏழுக்குத் தாவிவிடுவாள். "சாமி, இட்லியா தோசையா?" என்று கேட்டால் கேள்வி அவளுக்குள்ளே படிப்படியாக இறங்கிப் போய், எங்கேயோ ஆழத்தில் தொட்டுவிட்டு, மறுபடி படியேறித் திரும்பி வர நேரமாகும். மற்றவர்கள் அதற்குள் இட்லியைத் தட்டில் வைத்துவிடுவார்கள். அவன் மட்டும் காத்திருப்பான். தோசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி கோகிலாவையும் காத்திருக்கச் சொல்வான். கடைசியில் "தோச" என்று வரும், அந்த ஒரு சொல் வந்து சேர்ந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பார், அதற்காக அவன் எத்தனை நாழிகையும் நிற்பான். ஆனால் அந்தக் காத்திருப்புக்குள்ளேயும் அது வந்துவிடும். இந்தப் படி இத்தனை நீளமானது எதனால், எப்போது, யாரால். சனிக்கிழமை சனிக்கிழமை வட்டார வள மையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் முதல் நாளே பைலைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "கர்ப்பத்துல அம்மாவுக்கு சுகர் இருந்துதா? பொறந்ததும் குழந்தைக்கு சுகர் இறங்கி ஃபிட்ஸ் வந்துதா?" ரெண்டுக்கும் ஆமாம். வயிற்றுக்குள் இருந்தவரை அம்மாவின் சர்க்கரை அளவுக்கு மீறிப் போய்க்கொண்டிருந்தது, வெளியே வந்ததும் திடீரென்று அது நின்றது, குழந்தையின் மூளைக்குப் போகவேண்டியது போகாமல் கொஞ்ச நேரம் தவித்திருக்கும், அதனால் இருக்கலாம் என்றார். இருக்கலாம்தான், இப்படிப் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், எதனால் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, பயிற்சி கொடுக்கக் கொடுக்க முன்னுக்கு வருவாள் என்றும் சொன்னார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்பதே அவனுக்குக் கண்ணி ஆகிவிட்டது. அறுதியிட்டுச் சொல்லியிருந்தால் ஒரு நாள் விழுந்து அழுதுவிட்டு எழுந்திருப்பான்.

தர்ஷிகா வயிற்றில் இருந்த வருஷம், சித்திரை மாதம், கோகிலாவுக்கு ஏழாம் மாசம். இன்சுலின் தீர்ந்துவிட்டது என்று பெரியாஸ்பத்திரிக்கு அவன் மட்டும் போய் வரிசையில் நின்று வாங்கினான். ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் ஐஸ் கட்டி, நடுவில் கட்டைவிரல் உயரத்துக்கு அந்தக் குப்பி. "ஐஸ் உருகறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிருங்கண்ணா" என்று மருந்து கொடுத்த பெண் சொன்னாள். செரி என்றான். வழியில் ஊதியூர்ப் பக்கம் கூட்டாளி தங்கராசு வீட்டுப் புதுமனைப் புகுவிழா. தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கினான். தலையைக் காட்டியவனைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். பந்தியில் உட்கார்ந்தவனைப் பந்தலில் மின்விசிறிக்கு நேராக ஒரு சேரில் சாய வைத்தது சாப்பாடு. முந்தின நாள் முழுக்க வண்டி ஓட்டிய உடம்பு. கண்ணைத் திறந்தபோது மணி நாலு. வண்டி வெட்டவெளியில் நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளிருந்து அடுப்புத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. முன்கண்ணாடிக்குக் கீழே கவரில் இருந்தது ஐஸ் இல்லை, வெந்நீர். குப்பியை எடுத்தான். அப்போதுதான் வேகவைத்து எடுத்த முட்டை மாதிரிச் சுட்டது. அந்தச் சூடு இன்றைக்கும் அவன் உள்ளங்கையில் இருக்கிறது, இதோ இந்த பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்கினால் தட்டுப்படுகிறது. திரும்பிப் போய் வேறு வாங்கியிருக்கலாம். எப்படி இப்படி ஆச்சு என்று அந்தப் பெண் கேட்டால் தூங்கிட்டேன் என்று சொல்லவேண்டும். பொண்டாட்டி மருந்தை வெயிலில் போட்டுவிட்டுத் தூங்கினாயா என்று வரிசையில் நிற்கிற நாலு பேர் பார்ப்பார்கள். அவ்வளவுதான், அந்த நாலு பேருடைய பார்வை. அதற்குப் பயந்துகொண்டு, வழியில் ஒரு கடையில் தண்ணீர் பாக்கெட் இரண்டு வாங்கிக் குப்பியைச் சுற்றி வைத்துச் சில்லிட வைத்து, வீட்டுக்குப் போய்ச் சில்லென்று அவள் கையில் கொடுத்தான். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். தூங்கினதுகூட இல்லை, சில்லிட வைத்ததுதான். மறுநாள் காலையில் அவள் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்பக்கம் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "ஏனுங்க, இப்படி இருக்குமா?" என்றாள். அவன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே, "அப்படித்தான் இருக்கும்" என்றான். அப்படித்தான் இருக்கும். எத்தனையோ பேச்சுப் பேசியிருக்கிறான் வாழ்க்கையில், ஒன்றும் ஞாபகமில்லை, இது மட்டும் வண்டி ஓட்டும்போது, பல் விளக்கும்போது, சாமி கும்பிடக் கையெடுக்கும்போது, அவன் குரலிலேயே வந்து சொல்லிவிட்டுப் போகும். அவள் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, அதையே மூன்று வாரம், காலையும் மாலையும், தொடையில் குத்திக்கொண்டாள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஊசி போட்டும் இவ்வளவு இருக்குதுன்னா என்னத்தத் தின்னே?" களியும் கீரையும்தானுங்க என்றாள் கோகிலா. பொய் சொல்லாதம்மா, உனக்காக இல்ல, உள்ள இருக்கிறதுக்காகக் கேக்கறேன் என்றார் அவர். மறுபடியும் களியும் கீரையும்தானுங்க. மறுபடியும் பொய் சொல்லாதம்மா. கோகிலா திரும்பி அவனைப் பார்த்தாள். சாட்சிக்குப் பார்த்தாள். வேளாவேளைக்கு அவள் தின்றது இன்னது என்று அவனுக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து அவனும் அதையேதான் தின்றான். அவன் பைலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு அவள் மெதுவாகத் திரும்பி, "பக்கத்தூட்டுல குடுத்தாங்க, ரெண்டு பலாச்சுளை தின்னனுங்க" என்றாள். அப்பாடா என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து, புதுக் குப்பியிலிருந்து ஊசி போட்டார்கள். நாலே நாளில் சர்க்கரை சொன்ன சொல் கேட்டது. வாயைக் கட்டிப் போட்டாங்க, இறங்கிருச்சு என்றாள் அவன் அம்மா. அவன் மட்டும் அந்தப் புதுக் குப்பியை மேஜைமேல் பார்த்துக்கொண்டே நின்றான். அதன் கண்ணாடியில் ஒரு துணுக்குக்கூட ஒட்டியிருக்கவில்லை. தர்ஷிகா நாலு கிலோ இருநூறு பிறந்தாள். குண்டு குழந்தை என்று வார்டே வந்து பார்த்தது. பிறந்த மூன்றாம் மணி நேரத்தில் இடது கை மட்டும் தனியாக யாரையோ கூப்பிடுகிற மாதிரி வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டி. அவள் பேசத் தாமதமாகத் தாமதமாக, அந்த இரண்டு பலாச்சுளை வீட்டில் வளர்ந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து சாயந்தரம் சாயந்தரம் பால் கொண்டுவருகிற அவன் அம்மா, பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே, "வாயக் கட்டியிருந்தா இந்தத் தங்கத்துக்கு இப்படி வந்திருக்குமா" என்பாள். கோகிலா அடுப்படியில் இருப்பாள். பாத்திரச் சத்தம் ஒரு நொடி நிற்கும், அப்புறம் தொடரும். அந்த ஒரு நொடியை அவன் ஆறு வருஷமாகக் கேட்டிருக்கிறான்.

"கோகிலாமணி யாருங்க?" என்று நர்ஸ் கையில் அட்டையோடு வந்தபோது பத்து மணி. "மொதப் பிரசவத்துல சுகர் இருந்துதாக்கா?" இருந்துதுங்க. "மாத்திரையா, ஊசியா?" ஊசிங்க. "ஊசிக்குக் கட்டுப்பட்டுச்சா?" கோகிலா தயங்கவில்லை, கூச்சப்படவில்லை, வீட்டு விலாசம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்: "மொதல்ல கட்டுப்படலீங்க. நான்தான் வாயைக் கட்டல. இந்த வாட்டி கட்டிக்கறேனுங்க." நர்ஸ் எழுதிக்கொண்டாள். பேனா அட்டையில் ஓடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. வெளியே தர்ஷிகா எதற்கோ கைதட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் அவனை உலுக்கியது. அன்றைக்கு டாக்டரம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னதைச் சொல்லிச் சொல்லி, அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். இரண்டு சுளை. இருநூற்று எண்பத்தாறு இரண்டு சுளையில் வருமா என்று அவள் ஒரு நாளும் கணக்குப் பார்க்கவில்லை. இனி இதே அட்டை, இதே வரி, இந்தக் குழந்தைக்கும் கூடவே வரும். இப்போது சொன்னால் அவள் குமட்டிக்கொண்டு வாந்தி எடுத்துவிட்டால்? பதினொன்று ஆகட்டும். ரத்தம் எடுக்கட்டும். ரிசல்ட் வரட்டும். நல்லபடியாக வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே என்று உள்ளே ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது, அதைக் கண்டதும் அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பு வந்தது. அது அந்தத் தண்ணீர் பாக்கெட் வாங்கின ஆள். இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

"கோகிலா, நான் ஒண்ணு சொல்லோணும்" என்றான். "லோடு வந்துருச்சா? போறதுன்னா போங்க, நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றாள் அவள். லோடு இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் தலையும் வாலும் இல்லாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தான். குப்பி சுட்டுது என்றான். தங்கராசு வீட்டில் தூங்கிட்டேன் என்றான். தண்ணீர் பாக்கெட் என்றான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் குப்பி என்று கேட்டாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவனைப் பார்க்காமல், எதிர்ச் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தபடி. "தாம்பூலப் பை கொண்டாந்தீங்களே, அன்னிக்கா?" ஆமாம். "அந்தத் தேங்காயத் துருவித்தான் பொரியல் வெச்சேன்." ஆமாம். "அந்த வெள்ளை வெள்ளையா இருந்துச்சே, அதா?" அதுதான். மருந்து செத்துப் போச்சு கோகிலா, நீ மூணு வாரம் குத்திக்கிட்டது வெறும் தண்ணி, உன்ற மேல ஒண்ணுமில்ல, அந்தப் பலாச்சுளையில ஒண்ணுமில்ல என்று அவன் சொல்லிக்கொண்டே போக, அவள் சட்டென்று எழுந்து நின்றாள். எங்கே போக என்று இல்லை, அவன் பக்கத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு எட்டு வைத்திருப்பாள். "அக்கா, நடக்கக் கூடாதுன்னு சொன்னேனில்லீங்களா? உக்காருங்க!" என்று உள்ளேயிருந்து நர்ஸ் சத்தம் போட்டாள். பெஞ்சில் வேறு இடமில்லை. ஒரு பக்கம் இருமுகிற பெரியவர், இன்னொரு பக்கம் கைக்குழந்தைக்காரி. கோகிலா திரும்பி வந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முகத்தை மட்டும் அந்தப்புறம் திருப்பிக்கொண்டாள். அவள் முதுகு ஏறி இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தில் பத்தே முக்கால் ஆயிற்று. தர்ஷிகா ஓடி வந்து இரண்டு பேர் நடுவிலும் தன்னைத் திணித்துக்கொண்டு, அம்மாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, விரலில் ஈரத்தைக் கண்டு, "அம்மா மழ" என்றாள். கோகிலா அவளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "ஆறு வருசம்" என்றாள், மகளின் தலைக்கு மேலே, யாரிடமோ சொல்வதுபோல. "புள்ளைக்குத் தலை சீவும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டிருக்கறேன். இந்தத் தலைக்குள்ள நான்தான் என்னமோ பண்ணிட்டேன்னு. ஒவ்வொரு நாளும். தெரியுமா உங்களுக்கு?" தெரியாது. வண்டியைக் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாக அவள் தலைசீவி விடுவதை எத்தனை காலை பார்த்திருப்பான், அவளுடைய உதடு அசைவதைப் பாட்டு என்று நினைத்திருந்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தணிந்த குரலில், "நானும்தான் பாத்தேன். சரியில்லன்னு பட்டுது. நானாச்சும் நர்ஸம்மாகிட்டக் கொண்டுபோயிக் காட்டியிருக்கலாம்" என்று ஆரம்பித்தாள். அவனுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியாது. இருமுகிற பெரியவர்கூட இருமலை நிறுத்திப் பார்த்தார். "வேண்டாம். அதையும் நீ எடுத்துக்காத. நீ கேட்டே, நான் பொய் சொன்னேன். அது என்ற தப்பு. அதை என்கிட்டயே விட்டுரு" என்றான். அவள் திரும்பினாள். அவன் அழுது அவள் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை, ஆனால் தாடை நடுங்கியது. அவள் அந்தத் தாடையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பதினொன்றுக்கு ரத்தம் எடுத்தார்கள். நூற்று ஐம்பத்தாறு. நூற்று நாற்பதுக்குள் இருக்கவேண்டுமாம். நர்ஸ் அப்படி ஒன்றும் பதறவில்லை. "இப்பவே கண்டுபுடிச்சாச்சுங்க, பயப்பட வேண்டாம். மொதல்ல ரெண்டு வாரம் சாப்பாட்டை முறைப்படுத்திப் பாப்போம், சாப்பிட்டதும் கொஞ்சம் நடக்கோணும், அதுல அடங்கலேன்னா ஊசி" என்று சொல்லி அட்டையை நீட்டினாள். அவன் வாங்காமல், "இதுல ஒண்ணு மாத்தி எழுதோணுங்க" என்றான். என்ன மாத்தணும் என்று அவள் நிமிர்ந்தாள். "போன தடவை ஊசிக்குக் கட்டுப்படலேன்னு எழுதியிருக்கீங்க. இவ ஒண்ணும் தின்னல. மருந்து வெயில்ல கிடந்து கெட்டுப் போச்சு. கெடுத்தவன் நான்." வரிசையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்கென்று கட்டம் எதுவும் அட்டையில் இல்லை. நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள், எழுதியதைப் படித்தும் காட்டினாள். "இனி ஊசின்னு வந்தா நானே வந்து வாங்கிக்குவேன்" என்றாள் கோகிலா நர்ஸிடம். அவனிடம் இல்லை. வெளியே வண்டியில் ஏறியதும் தர்ஷிகாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து வேகவைத்த சுண்டலை எடுத்து அவளுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று சாப்பிட்டாள். அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எங்கம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்க என்றால் விட வேண்டியதுதான். "சாமி, அப்பாவுக்குச் சுண்டல் குடுக்கலாமா, வேண்டாமா?" என்று கோகிலா மகளிடம் கேட்டாள். கேள்வி படியிறங்கிப் போயிற்று. மூன்று பேரும் காத்திருந்தார்கள். ரோட்டில் ஒரு பஸ் போயிற்று, அப்புறம் ஒரு டிராக்டர். "குடு" என்றாள் தர்ஷிகா. கோகிலா நாலைந்து மணியை அவன் கையில் கொட்டினாள்.

"சாயந்தரம் உங்கம்மா பால் கொண்டாருவாங்க" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "நான் அடுப்படியில இருப்பேன். எனக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லுங்க."